மலை சுடவைத்த நீர்: மணிகரணில் ஒரு பகல்

அம்பத்தூர் பக்கம் கோடை விடுமுறை நெருங்கினாலே சுற்றுலா நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளிருந்து ஒன்று விழும், ஓ.டி. பேருந்து நிலையத்துச் சுவரில் இன்னொன்று ஒட்டியிருக்கும். டெல்லி, ஆக்ரா, சிம்லா, குலு, மணாலி என்று ஊர்கள் வரிசையாக இருக்கும். தென்னிந்தியச் சாப்பாடும் தமிழ் பேசும் மேனேஜரும் உண்டு என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், 'மணிகரண் வெந்நீர் ஊற்று' என்று ஒரு வரி. பலரும் அதைப் படிப்பதுகூட இல்லை. பனியைத் தொட்டுப் பார்க்கத்தான் பணம் கட்டுகிறோம். போய் வந்தபின் சொல்கிறேன்: அந்தப் பயணம் முழுவதிலும் நெஞ்சில் தங்கியது மணிகரணில் கழித்த பகல்தான்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்கள், ஃபவுண்டரியில் வெந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள். பாய்லர் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். வீட்டுப் பெண்கள், இரண்டு மூன்று பேரப்பிள்ளைகள், கூடவே ஒரு சமையல்காரர். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி 2,180 கிலோமீட்டர். அங்கிருந்து மணாலி ஏறக்குறைய 540 கிலோமீட்டர் சாலைப் பயணம். போய்ச் சேரும்போது இடுப்பும் முழங்காலும் கெஞ்சத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் வெந்நீர் ஊற்று என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு நிமிரும்.

தமிழ்நாட்டில் நமக்கு அருவிக் குளியல் தெரியும், ஆற்றுக் குளியல் தெரியும். மண்ணுக்குள்ளிருந்து வெந்நீர் வந்து அதில் ஊரே குளிக்கும் தலம் என்று பேர் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. பத்ரிநாத் போன வைணவக் குடும்பங்களுக்குக் கோயில் வாசலில் உள்ள தப்த குண்டம் தெரிந்திருக்கும். இலங்கைத் தமிழர்களுக்குத் திருகோணமலையை அடுத்த கன்னியா தெரியும். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். இந்தியா முழுவதும் சுமார் 340 வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் மிகவும் சூடானவற்றுள் ஒன்று மணிகரண்.

பியாஸை விட்டுப் பார்வதிக்கு

மணாலியிலிருந்து மணிகரண் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஆறரைக்கெல்லாம் டெம்போ டிராவலரில் ஏறிவிட்டோம். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, குலு பக்கத்துக் கிராமத்து இளைஞர். தமிழ்க் குழுக்களைக் கூட்டிப்போய்ப் போய் 'வாங்க, சூடு, ஜாக்கிரதை, சீக்கிரம்' என்ற நான்கு சொற்களையும் கச்சிதமாகப் பிடித்து வைத்திருந்தார். மீதியை இந்தியில் சொல்வார். மேனேஜர் தமிழில் சொல்வார். பெண்களை மாதாஜி என்றும் ஆண்களை அங்கிள்ஜி என்றும் அழைத்தார். எங்கள் பெண்கள் அவரைத் தம்பி என்றார்கள்.

குலு வரை பியாஸ் ஆறு கூடவே வருகிறது. ஆற்றோரம் ஆப்பிள் தோட்டங்கள், சால்வைக் கடைகள், ரப்பர் படகில் ஆற்றில் இறங்குகிற இளைஞர்கள். புந்தர் வந்ததும் பெரிய சாலையை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் பார்வதி ஆறு பியாஸோடு சேர்கிறது. வழிகாட்டி வண்டியை நிறுத்தி எதிரே இருந்த மலையுச்சியைக் காட்டினார். பிஜ்லி மகாதேவ் கோயில், 2,460 மீட்டர் உயரத்தில். மின்னல் விழுந்து உடையும் லிங்கத்தை வெண்ணெய் வைத்து ஒட்டுவார்கள் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. பெண்கள் வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புந்தரிலிருந்து 35 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் பாதை ஒடுக்கம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தில் பார்வதி. எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டும். ஜரி தாண்டியதும் தேவதாருக் காடு தொடங்குகிறது. கசோல் வரும்போது கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்துகள். ராணுவப் பணி முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் பல ஆண்டுகளாக வந்து தங்குவதால் அந்த ஊர் அப்படி ஆகியிருக்கிறது. இன்னும் நான்கைந்து கிலோமீட்டர் போனால் ஆற்றின் எதிர்க்கரையில் ஆவி எழுவது தெரியும். முதலில் பார்த்த பேரப்பிள்ளை, "தாத்தா, அங்க என்னமோ எரியுது" என்றான். எதுவும் எரியவில்லை. பனிநீர் ஓடும் ஆற்றின் ஓரத்தில், பாறை இடுக்குகளில் கொதிநீர் வழிந்துகொண்டிருந்தது.

ஒரு பாலம், இரண்டு மரபு

மணிகரண் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய ஊர். வண்டிகளை இக்கரையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கொடிகள் கட்டிய பாலத்தின் மேல் நடந்து போனால் குருத்வாரா. பாலத்தின் நடுவில் நின்றால் கீழே பார்வதியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆற்றிலிருந்து வருவது பனிக்காற்று. பாலம் முடியும் இடத்தில் முகத்தில் அடிப்பது ஆவி. பத்தடிக்குள் இரண்டு பருவம்.

இந்த வெந்நீருக்கு இரண்டு கதைகள் உண்டு. இந்துக்கள் சொல்வது: சிவனும் பார்வதியும் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்தபோது அம்மையின் காதணியிலிருந்த மணி நீரில் விழுந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. சிவனின் சினத்துக்கு அஞ்சிய ஆதிசேஷன் பாதாளத்திலிருந்து சீறினான். நீர் கொதித்துப் பொங்கி, மணிகளை மேலே தள்ளியது. 1905 பூகம்பம் வரை நீரோடு மணிகள் வந்தன என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சீக்கியர்கள் சொல்வது: குருநானக்கும் சீடர் பாய் மர்தானாவும் இங்கே வந்தபோது மாவு இருந்தது, நெருப்பு இல்லை. குரு ஒரு கல்லைப் புரட்டச் சொன்னார். கீழே வெந்நீர் ஊற்று. தட்டிப் போட்ட ரொட்டிகள் மூழ்கிவிட்டன. 'மிதந்து வந்தால் ஒன்றை இறைவன் பெயரால் தானம் தருவதாக வேண்டிக்கொள்' என்றார் குரு. மர்தானா வேண்டிக்கொண்டார், ரொட்டிகள் வெந்து மிதந்தன.

இரண்டு கதைகளும் ஒரே நீரைப் பற்றியவை. அதன் பக்கத்தில் சிவன் கோயிலும் குருத்வாராவும் தோளுரசி நிற்கின்றன. ஊருக்குள் சற்று நடந்தால், 17ஆம் நூற்றாண்டில் குலு மன்னர் ஜகத் சிங் கட்டியதாகச் சொல்லப்படும் ராமர் கோயில். குலு தசராவின் நாயகரான ரகுநாதரை அயோத்தியிலிருந்து வரவழைத்தவரும் இதே மன்னர்தான். பள்ளத்தாக்கின் கிராம தேவதைகளைப் பல்லக்கில் வைத்துக் குறிப்பிட்ட நாட்களில் இங்கே தூக்கி வந்து நீராட்டுவதும் வழக்கம். எங்கள் குழுவில் பெருமாள் பக்தர்கள் ராமர் கோயிலுக்கும், மற்றவர்கள் சிவன் கோயிலுக்கும் போனார்கள். பிறகு எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொண்டு குருத்வாராவுக்குள் போனோம். யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடியில் நடப்பது

சிவன் கோயிலை ஒட்டிய குண்டத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பாய்லர் பெரியவர் வெகுநேரம் நின்றார். நீர் அடங்காமல் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வெந்நீர் போகும் குழாய் ஒன்றின் வாயில் வெள்ளையாகக் கல்போல் ஏதோ கட்டியிருந்தது. அதை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"ஸ்கேல் சார். நம்ம பாய்லர் டியூப்ல பிடிக்குமே, அதேதான். அடியில சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சுக்கிட்டு வருது. மேல வந்து அழுத்தம் குறைஞ்சதும் படிஞ்சிடுது."

போர்வெல் தண்ணீரில் வாழும் அம்பத்தூர்க்காரர்களுக்கு அந்த வெள்ளைப் படிவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் சொன்னதில் அறிவியலும் சரியாகவே இருந்தது. இமயமலையில் இந்தப் பகுதியில் எரிமலை கிடையாது. மழையும் உருகிய பனியும் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகின்றன. இங்குள்ள பாறை குவார்ட்சைட் என்னும் கெட்டி வகை. புவியியல் நூல்களில் இதற்கு மணிகரண் குவார்ட்சைட் என்றே பெயர். கெட்டிப் பாறை நெருக்கப்பட்டால் நொறுங்கி வெடிப்பு விடும். இந்தியத் தட்டு வடக்கே யூரேசியத் தட்டை முட்டிக்கொண்டே இருப்பதால் அந்த அழுத்தம் ஓய்வதே இல்லை. ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடும் கூடும். கீழே நீர் நூறு டிகிரியைத் தாண்டினாலும் மேலிருக்கும் பாரம் அதை ஆவியாக விடாது. சூடேறிய நீர் இலேசாகி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலேறிவிடும். வழியில் ஆறுவதற்கு நேரமில்லாததால்தான் கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது.

இன்னொன்றும் பெரியவரே சொன்னார். சென்னையில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். மணிகரண் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குண்டத்தில் கொதிப்பதைப் பார்த்ததும் நூறு டிகிரி என்று நினைக்க வேண்டாம். ஆனால் தோலை உரிக்க 94 போதும். வேலி போட்டிருப்பது அதற்காகத்தான். பிள்ளைகளை அதன் மேல் ஏறவிடக் கூடாது.

இந்தச் சூட்டை வைத்து மின்சாரம் எடுக்கவும் பார்த்திருக்கிறார்கள். 1970களில் புவியியல் ஆய்வுத் துறை இங்கே துளையிட்டு ஆராய்ந்தது. பின்னர் 5 கிலோவாட் சோதனை மின்நிலையம் ஒன்றும், வெந்நீரின் சூட்டைக் கொண்டே இயங்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றும் அமைத்துப் பார்த்தார்கள். சோதனை என்ற அளவைத் தாண்டி அவை வளரவில்லை. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமியின் சூடே கணப்பு. நம்மிடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கும் மணிகரணும் இருந்தும் இந்தத் துறையில் தொடக்கத்திலேயே நிற்கிறோம். பார்வதியில் 800 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து 31 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் அமைத்த நாட்டுக்கு, காலடியில் கொதிக்கும் நீரைச் சிறிய அளவில் பயன்படுத்துவது முடியாத காரியம் இல்லை. மரத்தை வெட்டி எரித்துக் குளிர்காலத்தைக் கடத்தும் மலைக் கிராமங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

வேகும் சோறு

மணிகரணில் அந்தச் சூட்டைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திவருபவர்கள் சமையல்காரர்கள். குண்டத்தின் அருகே கடைகளில் சிறு துணி மூட்டைகள் விற்கிறார்கள். உள்ளே ஒரு பிடி அரிசி அல்லது கொண்டைக்கடலை. வாயில் நீளமான நூல். நூலின் முனையை வேலியில் கட்டிவிட்டு மூட்டையைக் கொதிநீரில் இறக்க வேண்டும். எங்கள் குழுப் பெரியம்மா ஒருவர் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் போல ஆனதும் தூக்கிப் பிரித்தார். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மலர்ந்திருந்தது. உப்பு போடாமலே மெல்லிய உப்புச் சுவை. உள்ளங்கையில் ஆளுக்கு நான்கு பருக்கை பிரசாதமாகக் கொடுத்தார்.

"நெருப்பே இல்லாம வெந்த சோறு. இதுவரைக்கும் நான் சாப்பிட்டதே இல்லடா" என்றார். ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவர் சொன்ன சொல் அது.

குருத்வாராவின் இலவசப் பந்தியான லங்கருக்கும் இதே ஊற்றுதான் அடுப்பு. நீர் கொதிக்கும் தொட்டிகளில் பெரிய பெரிய பாத்திரங்களை இறக்கி, மேலே மூடிவைத்துவிடுகிறார்கள். ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு. எங்களோடு வந்த சமையல்காரர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எத்தனை படி அரிசி, எவ்வளவு தண்ணீர், எப்போது இறக்குவீர்கள் என்று மேனேஜரை நச்சரித்து மொழிபெயர்க்கச் சொன்னார். அங்கே பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த சர்தார் சிரித்துக்கொண்டே ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். ஆவி விலகியபின் எங்கள் சமையல்காரர் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். "அடி பிடிக்கவே பிடிக்காது. சுத்தியும் ஒரே சூடு" என்றார். தொழில் தெரிந்தவர் தீர்ப்பு.

ஜப்பானில் பெப்பு நகரத்து வெந்நீர்ப் பகுதியில் நிலத்து ஆவியிலேயே காய்கறியும் மீனும் வேகவைத்துத் தருகிறார்கள். யமுனோத்ரியில் சூரிய குண்டத்தில் அரிசியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துப் பிரசாதமாகக் கொள்வது வழக்கம். மணிகரணில் அது அன்னதானமாக வளர்ந்திருக்கிறது. யார் வந்தாலும் வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும், தட்டில் வருவதைச் சாப்பிட வேண்டும். காசு கிடையாது, ஊர் பேர் கிடையாது. எங்கள் பந்தியில் ஒரு பக்கம் பஞ்சாபிலிருந்து பைக்கில் வந்த பையன்கள், எதிரே ஒரு வெளிநாட்டுப் பெண், அவருக்கு அடுத்து காவி கட்டிய சாது. புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்த எங்கள் ஆட்கள் அன்று அதைப் பிரிக்கவே இல்லை.

குளியல்

சாப்பாட்டுக்கு முன்பே குளித்துவிட வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள் உண்டு. ஊற்று நீரை அப்படியே விட்டால் ஆள் வெந்துவிடுவார். குளிர்ந்த நீரைக் கலந்துதான் குளத்துக்கு விடுகிறார்கள். அப்படிக் கலந்தும் முதல் படியில் கால் வைக்கும்போது சுரீர் என்றது. வழிகாட்டி சொன்ன முறைதான் சரி: முதலில் பாதம், பிறகு முழங்கால், அங்கேயே சற்று உட்கார்ந்து தோளில் நீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, அதன்பின் மெல்ல இறங்குவது. கழுத்தளவு நீரில் அமர்ந்ததும் ரயிலும் மலைப்பாதையும் இடுப்பில் ஏற்றியிருந்த பாரம் இறங்குவது தெரிந்தது. யாரும் பேசவில்லை. ஆவிக்குள் தலைகள் மட்டும் தெரிந்தன. பத்து நிமிடம் ஆனதும் வழிகாட்டி வாசலில் வந்து நின்று, "அங்கிள்ஜி, சீக்கிரம்" என்றார்.

அவர் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. திடுமென எழுந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இறங்கினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டுவலி, தோல் நோய் எல்லாம் தீர்ந்துபோகும் என்று அங்கே சொல்வார்கள். சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், வலியைச் சில மணி நேரமாவது குறைக்கும், அது உறுதி. எங்கள் பெரியம்மா பாலத்தைத் திரும்பக் கடக்கும்போது கைத்தடியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நடந்தார். மறுநாள் காலை வலி திரும்பியது. ஆனாலும் அந்த ஒரு மாலை நடையைப் பற்றி ஊர் வந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிறார்.

குருத்வாராவுக்குள் சூடான குகை ஒன்றும் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். பாறையே சூடாக இருப்பதால் குளிக்காமலே வியர்க்கும். நீரில் இறங்க முடியாத முதியவர்கள் அங்கே முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முற்றத்திலும் சில இடங்களில் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. மிதியடியும் பலகையும் போட்டிருப்பதன் மேலேயே நடப்பது நல்லது.

புடாபெஸ்டிலும் ஜப்பானிலும் வெந்நீர்க் குளியலுக்குப் பெரிய மாளிகைகளும் நுணுக்கமான விதிகளும் இருக்கின்றன. குளத்தில் இறங்குவதற்கு முன் உடம்பைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும் என்பது ஜப்பானில் சிறு குழந்தைக்கும் தெரியும். மணிகரணில் மாளிகை இல்லை, கட்டணமும் இல்லை. அதனாலேயே விதியும் இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். சோப்பு போடாதீர்கள் என்று எழுதியிருக்கும் இடத்திலேயே ஷாம்பு பாக்கெட்டுகள் கிடப்பதைப் பார்த்தபோது மனம் கசந்தது. அடுத்து இறங்கப்போகிறவரும் நம்மைப் போல நெடுந்தூரம் வந்தவர்தான்.

மலையின் மறுபக்கம்

நீரைச் சூடாக்கி அனுப்பும் அதே வெடிப்புகள்தான் இந்த மலையைப் பலவீனமாக்கியும் வைத்திருக்கின்றன. 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ராவில் நேர்ந்த பூகம்பத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் இறந்தார்கள். மணிகரணில் கோயில் சாய்ந்தது. 2015 ஆகஸ்ட் 18 அன்று மேலிருந்து உருண்ட பாறைகள் குருத்வாராக் கட்டடத்தின் மேல் விழுந்து யாத்ரீகர்கள் உயிரிழந்தார்கள். 2022 ஜூலையில் இதே பள்ளத்தாக்கில் மேகவெடிப்பு. ஆற்றோரக் கூடாரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2023 ஜூலையில் குலு மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது. 2025 மார்ச் 30 அன்று குருத்வாராவுக்கு அருகே மண் சரிந்து மரம் சாய்ந்ததில் ஆறு பேர் இறந்தார்கள்.

இவற்றில் சிலவற்றை வழிகாட்டி பாலத்தில் நின்றே சொன்னார். பாறை விழுந்த சரிவையும் காட்டினார். பாய்லர் பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம பாய்லருக்கு சேஃப்டி வால்வு உண்டு, வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. இதுக்கு யாரு சார் இன்ஸ்பெக்டரு?"

சரியான கேள்வி. மலையை யாரும் கட்டுப்படுத்த முடியாது. மலைச் சரிவில் நாம் செய்வதைக் கட்டுப்படுத்த முடியும். கசோலிலிருந்து மணிகரண் வரை ஆற்றின் விளிம்பில் ஹோட்டல்கள் எழும்பியிருக்கின்றன. அறையிலிருந்து ஆறு தெரிய வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்பதால், ஆற்றுக்குள்ளேயே தூண் நிறுத்துகிறார்கள். தேவதாரு வெட்டப்பட்ட சரிவுகளில் பச்சை மண் தெரிகிறது. வாகன நிறுத்தத்துக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர் பாட்டில்களும் நொறுக்குத்தீனிப் பைகளும் குவிந்து, அடுத்த மழைக்குப் பார்வதியில் இறங்கக் காத்திருக்கின்றன. அந்தக் குவியலில் தமிழ் எழுத்து அச்சிட்ட முறுக்குப் பையும் இருந்தது. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் நாம். ஒரு நீர்நிலையைக் கெடுத்துவிட்டால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதை நமக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டரை மணிக்கு எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்கள். அன்றைய பட்டியலில் சால்வைக் கடையும் இருந்ததுதான் காரணம். ஒரு நாள் சுற்றுலாவின் பெரிய குறை இது. குளியலுக்கு அரை மணி, கோயிலுக்கு அரை மணி, கடைக்கு ஒன்றரை மணி. மணிகரணுக்கு அப்பால் பர்ஷைணி வரை சாலை போகிறது. அங்கிருந்து நடந்து ஏறினால் ஏறக்குறைய 2,960 மீட்டர் உயரத்தில் கீர்கங்கா, திறந்த வெளியில் இன்னொரு வெந்நீர்க் குளம். இளைஞர்கள் ஏறுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மணிகரணிலேயே ஓர் இரவு தங்கினால் போதும். யாத்ரீகர்கள் தங்க குருத்வாராவில் அறைகள் இருக்கின்றன. விடியற்காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் குளிக்கலாம், அவசரமில்லாமல் ஊரைச் சுற்றலாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை போங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எவ்வளவு மலிவாக அழைத்தாலும் போகாதீர்கள். பணம் கட்டும்போதே, சால்வைக் கடை நேரத்தைக் குறைத்து மணிகரணில் ஓர் இரவு தங்கல் கேளுங்கள். குழுவாகக் கேட்டால் தருவார்கள். ஆற்றுப் படுகையில் நிற்கும் விடுதியில் அறை எடுக்காதீர்கள். நாம் எடுப்பதால்தான் கட்டுகிறார்கள். மாற்றுத் துணி, துண்டு, தலைக்குக் கட்ட ஒரு துணி, சொந்தத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். காலிப் பைகளை மூட்டை கட்டித் திருப்பிக் கொண்டுவாருங்கள். குளத்தில் சோப்பு வேண்டாம். லங்கரில் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். மணிகரணில் சூடும் சோறும் எல்லோருக்கும் பொது. பொதுவாக இருப்பதைப் பாழாக்காமல் அடுத்தவருக்கு விட்டு வருவது, அங்கே போகிற ஒவ்வொருவரின் பொறுப்பு.